கண்ணாடியம்மா நினைவாக

மூத்தவள் கடை திறக்க வந்தபோது வாசல்படியை மறித்துக்கொண்டு பெட்டிகள் இருந்தன. கூரியர்காரர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைச் சற்று நேரம் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போன வாரமே தம்பி ஒரு மாதிரியைக் கொண்டுவந்து காட்டியிருந்தான். பழுப்பு நிற ஃபிரேம். காதுக்குப் போகும் கம்பியின் வெளிப்புறத்தில், எதிரில் வருகிறவர்கள் படிக்கும்படி, வெள்ளை எழுத்தில் ‘கண்ணாடியம்மா நினைவாக’ என்று அச்சடித்திருந்தது.

கண்ணாடியம்மா இவர்களுடைய அம்மா. அந்தப் பெயரை வைத்தது தெரு. கணவன் இல்லாமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்தக் கடையை ஆரம்பித்து, அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குப் பார்வை பார்த்து மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டவள். வருஷத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் கிடந்த காலம் முழுக்கப் பக்கத்தில் இருந்தவள் மூத்தவள். சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருக்கும் தம்பி அப்போது நடுக்கடலில் இருந்தான்.

விடுப்பில் வந்தவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில், “அம்மா பேர்ல ஏதாவது செய்யணும்க்கா” என்றான்.

பின்தெருவில் ஒரு பள்ளி இருக்கிறது. அரசாங்கத்துடையதும் இல்லை, முதலாளி நடத்துவதும் இல்லை. வட்டாரத்துக்காரர்களே குழு சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துவது. அங்கே பார்வை குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அம்மா நினைவாகக் கண்ணாடி. யாருக்குமே இதில் மறுப்பு இல்லை. பார்வை பார்ப்பது மூத்தவளின் வேலை, ஃபிரேம் வாங்குவது தம்பியின் வேலை, வெள்ளிக்கிழமை விழா என்று முடிவாயிற்று.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தம்பி அளக்கவில்லை. எல்லா ஃபிரேமும் ஒரே அளவு. ஒன்றாம் வகுப்பு மூக்கும் எட்டாம் வகுப்பு மூக்கும் ஒன்றா? கண்ணாடிக்கடையில் வளர்ந்தவன் இதை யோசிக்காமல் போனது எப்படி?

அதைவிட, மாதிரியைக் காட்டியபோது மூத்தவள் சொன்னது என்ன? “நல்லாருக்கு.”

அந்த வார்த்தை அவளுக்கு ஒரு கதவு மாதிரி. சாத்திவிட்டால் அதற்குமேல் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

தம்பியும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். தம்பி மனைவி பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். எதிரில் உட்காரும் யாரையும் வாய் திறக்க வைத்துவிடுவாள், மூத்தவளைத் தவிர.

தம்பி பெட்டியைப் பிரித்து ஒரு ஃபிரேமை வெளிச்சத்தில் பிடித்தான். “எழுத்து பளிச்சுன்னு வந்திருக்கு பாருக்கா. தூரத்திலிருந்தே தெரியும்.”

“தெரியுது” என்றாள் மூத்தவள்.

“அண்ணி முகத்தைப் பார்த்தா பிடிச்ச மாதிரி தெரியலையே” என்றாள் தம்பி மனைவி.

“எனக்கு எதுக்குப் பிடிக்கணும்? போட்டுக்கப்போறது பிள்ளைங்க.”

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாதும்பாங்க. எனக்கு அதைப் பிடிச்சுப் பார்க்கிறதுதான் பொழைப்பே. சொல்லுங்க அண்ணி, பல் எப்படி?”

தம்பி சிரித்தான். மூத்தவள் லென்ஸ் பெட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். “பள்ளிக்கூடத்துல மிச்ச வகுப்புக்குப் பார்வை பார்த்து இன்னைக்கு முடிச்சிடறேன். கடையைப் பார்த்துக்கோங்க.”

*

பள்ளியில் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே ஒரு நீள வராந்தா. அதன் கோடிச் சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. மேலே ஒற்றை எழுத்து பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக. போன வாரம் பாதி வகுப்புகளைப் பார்த்து முடித்தபோது, திரும்பவும் வரத்தானே போகிறோம் என்று மூத்தவள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

போன வாரம் பாதிப் பிள்ளைகள் நாலாவது வரியிலேயே தட்டுத்தடுமாறினார்கள். அன்று மாலை தம்பி வந்து, எல்லாப் பிள்ளைகளையும் முற்றத்தில் நிற்க வைத்து, ஃபிரேமை உயர்த்திக் காட்டி, அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினான். பேசும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆசிரியைகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூத்தவள் அப்போது லென்ஸ்களைப் பெட்டியில் வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

இன்று முதல் பிள்ளை வந்தது. ஒரு கண்ணை மறைத்தது. கடைசி வரிவரை வாசித்தது. அடுத்த கண். அதுவும் கடைசி வரிவரை.

இரண்டாவது பிள்ளையும் அப்படியே. மூன்றாவதும்.

ஒரு வகுப்பு முழுக்க முடிந்தது. ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை.

“பரவாயில்லையே!” என்று எட்டிப் பார்த்தார் தலைமையாசிரியை. “எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் பருந்துக் கண்ணு போலிருக்கே.”

மூத்தவள் தலையாட்டினாள். மனசுக்குள் ஏதோ இடறியது. பார்த்து வாசிக்கிற பிள்ளை நிற்கும், கண்ணைச் சுருக்கும், ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லித் திருத்தும். இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தாளத்தில் சொன்னார்கள். வாய்ப்பாடு சொல்வதுபோல, வரிக்கு நடுவில் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள்.

அடுத்து ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பு. கண்ணை மறைக்கும் அட்டையைக் கையில் வாங்குவதற்கு முன்பே முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“இரு இரு. நாலாவது வரியைக் கடைசியிலிருந்து சொல்லு.”

பெண் நின்றாள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. முதலிலிருந்து ஓடிக் கடைசிக்கு வந்து, “ப” என்றாள். மறுபடி உதடு அசைந்தது. “ம.”

மூத்தவள் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றினாள். பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. மூன்று பல் உள்ள முள்கரண்டி மாதிரி ஒரே குறி, வரிக்கு வரி வெவ்வேறு பக்கம் திரும்பியிருக்கும். எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.

ரெட்டைச் சடை அட்டையைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லிக்குடுக்கல” என்றாள் பெண். கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. “நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தேன்.”

“உனக்கே எழுத்து தெரியலையே. நீ எப்படிப் படிச்ச?”

“கிட்ட போய் நின்னு.”

மூத்தவள் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். “எதுக்கு இவ்வளவு கஷ்டம்?”

“அந்த மாமா காட்டினாரே, அந்தக் கண்ணாடி. அதைப் போட்டா இனாம் கண்ணாடின்னு கூப்பிடுவாங்க. போன வாரம் எழுத்து தெரியாம மாட்டிக்கிட்டவங்களை இப்பவே கூப்பிடறாங்க. ஏழாம் வகுப்புல ஒருத்தனுக்கு இனாம்னே பேரு வெச்சாச்சு.”

“ம்.”

“அப்புறம்…” பெண் குரலைத் தாழ்த்தினாள். “அது செத்துப்போனவங்க பேரு. காதுகிட்ட இருக்கு. ராத்திரி காதுல பேசுவாங்களாம்.”

“என்ன பேசுவாங்களாம்?”

“வீட்டுப்பாடம் செஞ்சியான்னு.”

மூத்தவளுக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்து நின்றது. அம்மா பேசக்கூடிய விஷயம்தான்.

“அவங்க உங்களுக்கு யாரு?” என்று கேட்டாள் பெண்.

“எங்கம்மா.”

ரெட்டைச் சடை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பரவாயில்ல. உயிரோட இருக்கும்போதே காதுக்கு ஓய்வு குடுக்காதவங்கதான். உட்காரு. இது நமக்குள்ள. எந்தக் கண்ணாடி வேணும், வேண்டாம்னு அப்புறம் பேசலாம். இப்ப எனக்கு என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு.”

சோதனைச் சட்டத்தைப் பெண்ணின் மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். வலது கண் சீக்கிரம் வழிக்கு வந்தது. ஆறாவது வரியில் பெண்ணின் வாய் தானாகத் திறந்துகொண்டது. “வராந்தா கடைசியில பூட்டு தொங்குது” என்றாள், அட்டையை விட்டுவிட்டு.

இடது கண்ணுக்கு எந்த லென்ஸும் ஒத்து வரவில்லை. மூத்தவள் பெட்டியில் இருந்ததை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டாள். மேலிருந்த பெரிய குறிகூடப் பெண்ணுக்குப் புகையாகவே இருந்தது. கண்ணாடிக்கடைக்காரியால் தீரும் விஷயம் இல்லை இது. கண் மருத்துவர் பார்க்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

தலைமையாசிரியையிடம் இரண்டு விஷயம் சொன்னாள். இந்தப் பெண்ணின் வீட்டுக்கு இன்றே தகவல் போக வேண்டும் என்றாள். காலையில் தேறிய பிள்ளைகள் அத்தனை பேரையும் திரும்ப வரச்சொல்ல வேண்டும் என்றாள்.

“அவ்வளவு பேரையுமா?”

“உங்க பருந்துங்கள்ல பாதிப் பேருக்குக் கரும்பலகை தெரியலைங்க டீச்சர்.”

*

கடைக்குப் பின்னால் பட்டறை. லென்ஸ் உரசும் மெஷினும், மெருகேற்றும் சக்கரமும், ஜன்னலோரம் ஒரு நீள மேசையும் உள்ள சின்ன அறை. தம்பி ஃபிரேம்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். எல்லாவற்றின் கம்பியும் ஒரே பக்கம் பார்த்திருந்தது. எல்லாவற்றிலும் அம்மா.

மூத்தவள் நின்றபடியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிள்ளைகள் அட்டையை மனப்பாடம் செய்தது, இனாம் என்ற பட்டப்பெயர், ராத்திரி காதில் பேசும் கிழவி.

தம்பி மனைவிக்கு மட்டும் சிரிப்பு வந்தது. கணவன் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

“பசங்க எதையாவது சொல்லுவாங்க” என்றான் தம்பி. “ரெண்டு நாள் கேலி பண்ணிட்டு விட்டுடுவாங்க.”

“விடமாட்டாங்க. போட்டுக்க வேண்டியவங்க போடமாட்டாங்க. பையிலேயே வெச்சிருப்பாங்க.”

“அப்ப வேற நிறத்துல வாங்கிடலாம்.”

“நிறம் இல்லடா. அம்மா என்ன செய்வாங்க? பிள்ளை வந்தா ஃபிரேம் தட்டை முன்னாடி வெச்சிட்டு முதுகைக் காட்டிட்டு நிப்பாங்க. எதையாவது துடைக்கிற மாதிரி. அது எதை எடுக்குதோ அதுதான். காசு குடுத்தவங்களுக்கும் அதே தட்டு, குடுக்காதவங்களுக்கும் அதே தட்டு. வெளிய போறப்ப யாரு எதுன்னு யாருக்குத் தெரிஞ்சது?”

தம்பி ஒரு ஃபிரேமை எடுத்துக் கம்பியை மடக்கினான், விரித்தான். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. மாதிரியைக் காட்டினப்ப நல்லாருக்குன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“ஏன் சொன்ன?”

மூத்தவளிடம் பதில் இருந்தது. அதை இப்போதுதான் முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தாள். தம்பியின் மனசு நோகக்கூடாது என்று விட்டதாகத்தான் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். அது இல்லை. அவன் தப்புச் செய்யட்டும் என்றுதான் விட்டாள். படுக்கையைச் சுத்தம் செய்தது ஒருத்தி; முற்றத்தில் நின்று அழுது எல்லாரையும் அழவைத்தவன் இன்னொருவன். அவன் எங்காவது தடுக்கி விழுவதைப் பார்க்க அவளுக்குள் ஒருத்தி காத்திருந்தாள். அந்த ஒருத்தியின் காத்திருப்பில் ஒரு பெண் சுவரோடு சுவராக நின்று எழுத்துகளை மனப்பாடம் செய்திருக்கிறாள்.

“தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்” என்றாள் கடைசியில்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

“உனக்குக் கடை இருக்குக்கா. தினமும் வந்து அவங்க உட்கார்ந்த நாற்காலியில உட்கார்ற. நான் கடைசியா அம்மாகிட்டப் பேசினது என்ன தெரியுமா? ‘சிக்னல் இல்ல, அப்புறம் கூப்பிடறேன்.’ அவ்வளவுதான். அவங்க பேரு எங்கயாவது ஒரு இடத்துல நான் வெச்சதா இருக்கணும்னு நினைச்சேன். அது தப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னா?”

“அப்ப எங்க வெக்கிறது?”

தம்பி மனைவி ஒரு டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். “முதல்ல இதைக் குடிங்க. அண்ணி, இந்த எழுத்தை எடுக்க முடியுமா?”

“சக்கரத்துல வெச்சா போயிடும். ஒவ்வொண்ணா உட்கார்ந்து செய்யணும்.”

“எடுத்தா?”

“கடைத் தட்டுல மத்ததோட கலந்து வெச்சிடலாம். பெரியவங்களும் இதை எடுத்துப் போகட்டும். பிள்ளைங்க கடைக்கு வந்து, தட்டுல பிடிச்சதை எடுத்துக்கட்டும். அளவு பார்த்து நான் மாட்டித் தர்றேன். விழா கிடையாது.”

“பள்ளிக் குழுத் தலைவர் பேனருக்குச் சொல்லிட்டாராம்” என்றாள் தம்பி மனைவி. “காலையில ஆள் அனுப்பிக் கேட்டாரு, அத்தையோட நல்ல ஃபோட்டோ ஒண்ணு வேணும்னு. விழா இல்லன்னு அவருகிட்ட யாரு சொல்றது? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.”

தம்பி டீயைத் தொடவில்லை. ஃபிரேமின் கம்பியில் கட்டைவிரலை வைத்து எழுத்துகளை மறைத்தான். விரலை எடுத்தான். மறுபடி மறைத்தான்.

பிறகு எழுந்துபோய் மெருகேற்றும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டான்.

“நான் செய்யறேன், விடு” என்றாள் மூத்தவள்.

“வேண்டாம். அழிக்கிற கை என் கையாவே இருக்கட்டும்.”

சக்கரம் சுழன்றது. கப்பல் எஞ்சினைக் கழற்றி மாட்டும் விரல்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் சக்கரத்தில் அழுத்தின. வெள்ளை எழுத்து தூளாகி அவன் சட்டையில் விழுந்தது. மூத்தவள் பின்னால் நின்று பார்த்தாள். தோளில் கை வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை.

“அழுத்தாத” என்றாள். “சூடேறினா வளைஞ்சிடும். லேசா விட்டு விட்டுப் பிடி.”

அவன் லேசாக விட்டு விட்டுப் பிடித்தான். முடித்ததும் அவளிடம் நீட்டினான். அவள் நகத்தால் கம்பியைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

“அடுத்தது” என்றாள்.

*

சாயங்காலம் தலைமையாசிரியை போன் செய்தார். குரலில் பதற்றம் இருந்தது. ரெட்டைச் சடையின் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாராம். என் பொண்ணு கண்ணுக்கு ஒண்ணும் இல்லை, யாரைக் கேட்டுப் பார்த்தீங்க, எங்களுக்கு யாரோட இனாமும் வேண்டாம் என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். இப்போது மகளை இழுத்துக்கொண்டு கடைக்குத்தான் வருகிறாராம்.

“மருத்துவர்கிட்டப் போகணும்னு சொன்னீங்களா டீச்சர்?”

“சொல்ல விட்டாத்தானே!”

மூத்தவள் போனை வைத்தாள். சக்கரம் நின்றிருந்தது. தம்பி சட்டையைத் தட்டிக்கொண்டு பட்டறையிலிருந்து வெளியே வந்தான். புருவத்திலெல்லாம் வெள்ளைத் தூள்.

“நான் பேசறேன்க்கா. என்னாலதானே இவ்வளவும்.”

“என்ன பேசுவ?”

“தெரியல. வரட்டும்.”

“ஃபிரேமைப் பத்திப் பேசறதா இருந்தா நீ பேசு. இது அது இல்ல.”

தம்பிக்குப் புரியவில்லை. இடது கண்ணைப் பற்றி அவள் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. மத்தியானம் சொல்ல வேண்டிய வேறு விஷயங்கள் இருந்தன.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேலைவிட்டு வருகிறவர்களின் கூட்டம். அதற்கு நடுவே வேகமாக ஒரு பெண்மணி வந்தார். பின்னால் இழுபட்டுக்கொண்டு மகள். அம்மாவின் பிடியில் ஒரு கை, இன்னொரு கையில் புத்தகப்பை. எதிரில் இடப்பக்கமாக வந்த சைக்கிள் மணியடித்தும் பெண் விலகவில்லை. கடைசி நொடியில்தான் திடுக்கிட்டு ஒதுங்கினாள்.

தம்பி கதவருகே போனான். அம்மாக்காரிக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்ப்பதுபோல உதட்டை அசைத்தான். பிறகு அசைவு நின்றது. அவன் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா” என்றான் மெதுவாக. “அந்தப் பொண்ணு ஏன் தலையை ஒரு பக்கமா சாய்ச்சே நடக்குது?”